சேர் இல்லாத சேர்வர் வேலை

லினக்ஸ் சேர்வர் பார்க்கிற தொழிலில் ஒருவர் கெட்டிக்காரர் என்பதற்கு அடையாளம், அவரை ஒருவரும் நினைக்காமல் இருப்பதுதான். நினைக்கிற அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து நினைப்பார்கள், அதுவும் ஏச்சோடு.

பத்து வருடமாக இந்த வேலை செய்கிறேன். வீடு அன்புவழிபுரம். ஒரு ஸ்கூட்டி, ஒரு மடிக்கணினி, ஒரு திருப்புளிப் பெட்டி, இவ்வளவும்தான் என் கொம்பனி. அதற்கு முன் கொஞ்சக் காலம் கம்பியூட்டர் வகுப்பு எடுத்ததால் ஊரில் பாதிப் பேருக்கு நான் 'மிஸ்'. துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களிலும் நிலாவெளி ஹொட்டல்களிலும் கிண்ணியாக் கடைகளிலும், மூலையில் தூசி பிடித்துக் கிடக்கிற பெட்டிகளுக்கு நான்தான் தாய் தகப்பன்.

லினக்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸைப் போல இதுவும் கணினியை ஓட்டுகிற ஒன்றுதான். ஆனால் சேர்வர்களில் அது படம் காட்டாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. நாம் ஒரு வரி தட்டினால் அது ஒரு வரி மறுமொழி சொல்லும். மனமில்லாவிட்டால் அதுவும் சொல்லாது. தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நீங்களும் என்னைப் போலக் கலியாணப் பந்தியில் சோற்றைப் பிசைந்துகொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனைச் செருகி, "ஓவ் பண்ணாதேங்கோ, பெட்டியை நிப்பாட்டாதேங்கோ!" என்று கத்தியவர்கள்தானே.

சேர் எங்கே?

துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் முகவர் அலுவலகம். கப்பல் ஒன்று வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. அதற்கு அனுப்ப வேண்டிய மின்கடிதங்கள் ஒன்றும் போகவில்லை என்று காலையிலேயே அழைப்பு. போனேன். மனேச்சர் வாசல் படலையடிக்கே வந்துவிட்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வீதியைப் பார்த்தார்.

"சேர் வாகனத்தை நிப்பாட்டிப்போட்டு வாறாரோ?"

"சேர் ஒருத்தரும் இல்லை. நான்தான் பாக்க வந்தனான்."

"ஓம் ஓம். சேர் வருமட்டும் இதில இருங்கோ பிள்ளை" என்று கதிரை இழுத்துப் போட்டார். பிளேன்ரீயும் வந்தது. குடித்து முடித்துவிட்டு நானாகவே எழும்பி உள்ளே போய்ச் சேர்வரைப் பார்த்தேன். முதல் நாள் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, நெற்வேர்க் இணைப்பின் பெயரையும் மாற்றி வைத்திருந்தது. மற்ற எல்லாம் இன்னும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. யார் கதவைத் திறப்பது? பெயரைச் சரிப்படுத்த இருபது நிமிடம். கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகத் தொடங்கின. கடிதம் அனுப்பக் காத்திருந்த லிகிதர் கையைத் தட்டினார். அந்த இருபது நிமிடமும் மனேச்சர் படலையடியில் வெயிலுக்குள் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஓடி வந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"சேருக்குச் சொல்லுங்கோ பிள்ளை, உங்களை நல்லாப் பழக்கி வச்சிருக்கிறார் எண்டு."

எந்த ரூட்?

லினக்ஸில் எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருக்கிற பெரியவருக்குப் பெயர் ரூட். அவருடைய பாஸ்வேர்ட் இல்லாமல் ஒரு துரும்பையும் அசைக்க ஏலாது. தனியார் பஸ்களுக்கு ஆசனம் பதிகிற ஒரு இடத்தில் யோகன் அண்ணன் என்றொருவர் இருக்கிறார். நீண்ட விடுமுறைக்கு முதல் நாள், வரிசை வீதிவரை நிற்கிறது, அவருடைய திரை உறைந்துவிட்டது. நான் கிண்ணியாவில் வேறொரு வேலையில். ஃபோனிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"யோகன் அண்ணை, ரூட் பாஸ்வேர்டைக் கொஞ்சம் சொல்லுங்கோ."

"எந்த ரூட் மிஸ்? கொழும்பு ரூட்டோ, யாழ்ப்பாண ரூட்டோ?"

"அதில்லை அண்ணை. சேர்வர் ரூட்."

அவர் பஸ் போகிற ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் பார்த்தார். பின்னால் சனம் சத்தம் போடுவதும் கேட்டது. மனுசன் உண்மையாகவே யோசித்திருக்கிறார்.

"மூதூருக்கு அங்கால சேருவில ரூட்டில எங்கட பஸ் ஓடுறேல்லையே, மிஸ்!"

மூன்று கிழமைத் தென்னை

கிண்ணியாவில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். களஞ்சியத்தில் புதுத் தண்ணீர் மோட்டர் இரண்டைக் காணவில்லை. "கமரா இரிக்கிதானே மகள், ஆரெண்டு பாத்துச் சொல்லுங்க" என்றார். நான்கு கமராக்கள், அவற்றின் படங்களைச் சேர்த்து வைக்கிற லினக்ஸ் பெட்டி நான் வைத்துக் கொடுத்தது. ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவு செய்யும்படி செய்திருந்தேன். இடம் மிச்சம் என்று அப்போது பெருமையாக விளக்கமும் கொடுத்திருந்தேன்.

திறந்து பார்த்தால், மோட்டர் காணாமற்போன அன்று வாசல் கமராவில் ஒன்றுமே இல்லை. டிஸ்க் நிரம்பி வழிகிறது. பின்பக்கத்துக் கமராவுக்கு முன்னால் ஒரு தென்னை. காற்றுக்கு ஓலை ஆடியிருக்கிறது. ஆடியது அசைவுதானே? மூன்று கிழமையாக, இருபத்தொரு நாள் இரவு பகல் பாராமல் அந்த ஓலையையே பதிவு செய்து, மற்றவற்றுக்கு இடமில்லாமல் பண்ணிவிட்டது. கடை ஆட்கள் எல்லோரும் கூடி நின்று படத்தைப் பார்த்தார்கள். நான் வெட்கத்தில் திரையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஓலை ஆடுவதை அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்த்து முடித்தார்.

"அப்ப அந்தத் தென்னைய மட்டும் ஒருத்தனுக்கும் களவெடுக்க ஏலாது, மகள்."

காணாமற்போன இணைப்பு

கடற்கரைக்குக் கிட்ட ஒரு கல்வி நிலையம். முன்கட்டடத்தில் அலுவலகமும் சேர்வரும், பின்கட்டடத்தில் பிள்ளைகளின் கணினிகள், இரண்டுக்கும் நடுவில் முற்றத்துக்கு மேலால் தொய்ந்து தொங்குகிற ஒரு நீலக் கேபிள். பிள்ளைகள் கணினியில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. நான் வீட்டிலிருந்தபடி சேர்வருக்குள் புகுந்தேன். சேர்வர் கல்லுப் போல இருக்கிறது. அப்படியென்றால் பிழை என்னுடையதுதான். முதல் நாள் ஃபயர்வோல் என்கிற தீச்சுவரில் ஒரு விதி மாற்றியிருந்தேன். அதைத் திருப்பி மாற்றினேன். சரிவரவில்லை. இன்னும் இரண்டை மாற்றினேன். அதன்பிறகு எனக்கே என்னென்ன மாற்றினேன் என்று தெரியவில்லை. உங்களுக்கும் இந்த இடம் பழக்கமாக இருக்கும்.

கடைசியில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நிலையத்து அதிபர் அம்மா வாசலில் நின்று கையைப் பிசைகிறார். நான் நேரே சேர்வர் அறைக்கு ஓடினேன். காவலாளி தங்கராசா அண்ணன் எனக்குப் பின்னாலேயே வந்து, ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். "பொறுங்கோ அண்ணை, இணைப்பு எங்க போச்சுது எண்டு தேடுறன்" என்றேன். இரண்டு தரம் அப்படியே சொல்லி அவரை அடக்கிவிட்டேன். மூன்றாம் தரம் அவர் பொறுக்கவில்லை. ஜன்னலால் கையைக் காட்டினார். ஒழுங்கை முடிவில், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு போலத் திரிகிற கலைமான்களில் ஒன்று, கொம்பில் நீலக் கேபிள் மாலை போலத் தொங்க, அவசரமே இல்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தது.

"உங்கட இணைப்பு அந்தா கடற்கரைப் பக்கம் போகுது, மிஸ்."

சாகிற சத்தம்

ஹார்ட் டிஸ்க் சாகும் முன் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். கப்பல்துறையில் ஒரு அரிசி ஆலையில் அந்தச் சத்தம் கேட்டேன். மேற்பார்வையாளர் நடராசா ஐயா முந்தி ஆசுப்பத்திரியில் நோயாளர் வாட் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "டிஸ்க் இண்டைக்கோ நாளைக்கோ" என்று அவரிடம் சொன்னேன். அவர் மெல்லத் தலையாட்டினார். இப்படிப்பட்ட செய்தியைக் கேட்டுப் பழகிய தலையாட்டல். "சொந்தக்காரருக்கு அறிவிக்கட்டோ?" என்று தணிந்த குரலில் கேட்டார். முதலாளிக்கு அறிவித்தார். ஆலை வேலை நிறுத்தப்பட்டது. நான் பகல் முழுக்க இருந்து எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றினேன். இடைக்கிடை 'டிக் டிக் டிக்'. ஒவ்வொரு தரமும் எல்லோரும் பெட்டியைப் பார்ப்போம்.

மாற்றி முடித்துப் பெட்டியை நிறுத்தினேன். மின்சாரக் கம்பியையும் கழற்றினேன். மூடியில் கை வைக்கிறேன், 'டிக் டிக் டிக்'. கம்பி கழற்றிய டிஸ்க் சத்தம் போடுவது எந்த லினக்ஸிலும் இல்லை. திறந்தால், விசிறிக்குப் பக்கத்தில் சூடான மூலையில் ஒரு பல்லி, அதற்குக் கீழே வெள்ளையாக இரண்டு முட்டை. டிஸ்க்குக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. நடராசா ஐயா குனிந்து பார்த்து, நிமிர்ந்து, ஆலை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ, இது சாகிற கேஸ் இல்லை, பிள்ளைப்பேற்றுக் கேஸ்!"

விடிய ஐந்தரை

நிலாவெளியில் ஒரு ஹொட்டலில் விரல் வைத்து வரவு பதிகிற மெசின். அதன் பின்னால் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. உள்ளே இருந்த பற்றரி செத்துப்போனதால் கரண்ட் போய் வந்ததும் அது காலத்தை மறந்து, லினக்ஸின் காலம் தொடங்குகிற இடத்துக்கே போய்விட்டது. அது ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதாம் ஆண்டு, ஜனவரி முதலாம் திகதி. நம்முடைய நேரப்படி விடிய ஐந்தரை. குசினியில் சமைக்கிற செல்வம் ஆறு மணி வேலைக்குப் பிந்திப் பிந்தி வருகிறவர் என்று மனேச்சருக்கு அவர்மேல் தீராத கோபம். அன்று கரண்ட் வந்த கையோடு முதலில் விரல் வைத்தவரும் அவர்தான். அன்றைய பதிவை நான் அச்சடித்துக் கொடுத்தபோது இரண்டு பேரும் அருகில்தான் நின்றார்கள். செல்வம் தாளை வாங்கி, அகப்பையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு தரம் வாசித்தார்.

"நான் பிறக்கிறதுக்கு முதலே, அதுவும் அரை மணித்தியாலம் வெள்ளன வந்திருக்கிறன், இனியும் பிந்தி வாறன் எண்டு ஏசினா உங்களுக்குத்தான் பாவம், சேர்."

பதினொரு தரம்

இதைச் சொல்லாமல் விடலாமென்று பல முறை நினைத்ததுண்டு. ஆனால் நம் ஆட்களுக்குள் எதை ஒளிப்பது?

இறக்கக்கண்டியில் ஒரு மீனவர் சங்கம். அங்கே ஒரு லினக்ஸ் பெட்டி, அதில் ஒரு சிம் கார்ட். காற்று மழை எச்சரிக்கை வந்தால், காரியதரிசி றிஸ்மியா ஒரு வரி தட்டுவா. கடலில் நிற்கிற படகுக்காரர் எல்லோருக்கும் ஃபோனில் செய்தி போகும். கரையிலிருந்து சிக்னல் எட்டுகிற தூரத்தில்தான் அவர்களுக்குத் தொழில். மாரிக் காலம். ஒரு நாள் காலை பத்து மணியளவில் நான் வீட்டிலிருந்தபடி அந்தப் பெட்டியில் பழைய குப்பைகளை அழித்துக்கொண்டிருந்தேன். 'பழையது' என்ற சொல்லுக்கும் அதன் பின்னால் வருகிற நட்சத்திரக் குறிக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. ஒரேயொரு இடைவெளி. நட்சத்திரம் தனியே நின்றால் 'எல்லாம்' என்று பொருள். பழையதை அழி என்று சொல்ல நினைத்தேன். பழையதையும் மற்ற எல்லாவற்றையும் அழி என்று சொல்லியிருந்தேன். லினக்ஸ் 'உண்மையாகவோ?' என்று கேட்கவில்லை. படகுக்காரரின் நம்பர்ப் பட்டியல் போய்விட்டது. பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நாள் தவறாமல் எடுத்தேன், அதே கோப்புறைக்குள்.

அந்த நிமிடம் ஃபோன் அடித்தது. றிஸ்மியா. "மிஸ், எச்சரிக்கை வந்திரிக்கி, வடக்கால கறுத்துக்கிட்டு வருது. மெசேஜ் அனுப்பப் பாத்தா லிஸ்ட் இல்லயாம் எண்டு சொல்லுது. எங்கட மனுசனும் கடல்லதான். ஓவ் பண்ணிப்போட்டு ஓன் பண்ணவா?"

"கை வைக்காதேங்கோ!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குலைத்தது.

ஏனென்று சொல்கிறேன். லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தாலும், ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து கையில் வைத்திருந்தால் அது உடனே சாகாது. பெயர்தான் போகும், உயிர் இருக்கும். றிஸ்மியா தட்டிய வரி பெயரைத் தேடி இல்லையென்றது, ஆனால் பின்னால் ஓடுகிற, செய்தி அனுப்புகிற நிரல் அந்தப் பட்டியலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டி ஒரு தரம் நின்றால் பிடி விட்டுப் போகும். நான் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம் என்று விசைப்பலகையில் கை வைக்க, திரை அசையவில்லை. காற்றுக்கு அந்தப் பக்கத்து இன்ரநெற் விழுந்துவிட்டது. "மிஸ், கரண்டும் போயிட்டு. யூபிஎஸ் கீக் கீக் எண்டு கத்துது" என்றா றிஸ்மியா. கரண்ட் போனால் பெட்டியைத் தாங்குகிற அந்த யூபிஎஸ் பற்றரி பழசு. பதினைந்து நிமிடம் தாங்கினால் பெரிய காரியம்.

"றிஸ்மியா, நான் சொல்லுறதை ஒவ்வொரு எழுத்தாத் தட்டுங்கோ. அவசரப்படாதேங்கோ." எழுத்தைச் சொல்லுகையில் தடுமாறியது நான்தான், அவ நிதானமாகத் தட்டினா. முதல் வரிக்கு அந்த நிரலின் நம்பர் வந்தது. எட்டு, ஒன்று, இரண்டு என்று வாசித்தா. அடுத்த வரியில் ஒரு சரிவுக்கோடு வேண்டும்.

"ரெண்டு கோடு இரிக்கி மிஸ். எது?"

"வலப்பக்கம் சரிஞ்சது."

"ரெண்டும் சரிஞ்சுதான் இரிக்கி. உச்சி எந்தப் பக்கம் பாக்கணும்? கடல் பக்கமா, ரோட்டுப் பக்கமா?"

அந்த அலுவலகத்தில் மேசை எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறது என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். "கடல் பக்கம்!" என்றேன். தட்டினா. பிழை. ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. திரும்பவும் முதலில் இருந்து. யூபிஎஸ்ஸின் கீக் கீக் இப்போது நெருக்கி வரத் தொடங்கியிருந்தது. மூன்றாம் தரம் தட்டி முடித்துச் சொன்னா: "லிஸ்ட் வந்திட்டு. எல்லாப் பேரும் இரிக்கி." அவவுடைய கணவர் மர்சூக்கின் பெயரைத்தான் முதலில் பார்த்திருப்பா, சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அனுப்புங்கோ!" என்றேன். அத்துடன் அழைப்பு அறுந்துவிட்டது.

மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வெளிக்கிட்டேன். உப்புவெளி தாண்ட முன்னமே காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. இறக்கக்கண்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. றிஸ்மியா நனைந்தபடி நின்று எண்ணிக்கொண்டிருந்தா. கடைசியில் ஒன்று மட்டும் குறைந்தது. மர்சூக்கின் படகு. அவர் எல்லோரையும்விடத் தள்ளிப் போகிறவராம்.

பக்கத்தில் போய் நின்றேன். "றிஸ்மியா, லிஸ்டை அழிச்சது நான்தான். என்ர பிழை" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் அந்த இடத்தில் நிற்க எனக்கு ஏலவில்லை. அவ திரும்பியும் பார்க்கவில்லை. "அதப் பொறகு கதைப்பம். இப்ப கடலப் பாருங்க மிஸ், உங்களுக்குத் தூரத்துப் பார்வை நல்லம்தானே" என்றா. இரண்டு பேரும் பார்த்தோம். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் ஒரு திரையையும் நான் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. பிறகு மழைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அது ஏறி இறங்கி, மறைந்து, திரும்பத் தெரிந்து, படகானது. நின்ற ஆண்கள் எல்லோரும் தண்ணீருக்குள் ஓடி இழுத்தார்கள். றிஸ்மியா அப்போதுதான் மணலில் குந்தி இருந்தா.

மர்சூக் இறங்கி வந்தார். உடம்பு விறைத்துப் போயிருந்தது, வலை இல்லை. என்ன நடந்தது என்றால், லினக்ஸ் ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் 'செய்தேன்' என்று சொல்லாது, சும்மா இருக்கும். அது எங்களுக்குத் தெரியும். றிஸ்மியாவுக்கு யார் சொன்னது? ஒன்றும் வராததைப் பார்த்து, யூபிஎஸ் சாகும்வரை திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறா. மர்சூக் ஃபோனை எனக்கு நீட்டிக் காட்டினார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"பதினொரு தரம் வந்திச்சி மிஸ், ஒரு கதைய பதினொரு தரம் சொல்லுற ஆள் எனக்கு ஒராள்தான் இரிக்கி, அதான் வலைய அறுத்து விட்டுட்டு வந்துட்டன்."

லினக்ஸ் நாம் சொன்னதை மட்டும்தான் செய்யும் என்று எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதற்குச் சொல்வது நாம் என்பதுதான், என் சகோதரங்களே, இந்தத் தொழிலின் முழு இடைஞ்சலும்.